உள்ளே எவ்வளவு? வெளியே எவ்வளவு?

பி.காம். படித்தவனுக்கு ஆஸ்பத்திரியில் என்ன மரியாதை? பில்லைக் கூட்டிப் பார்க்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். ஆனால், ஒரு ஆபரேஷனில் உயிரைக் காப்பதே வரவு-செலவுக் கணக்குதான் என்று போன வருஷம் தெரிந்துகொண்டேன். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்!

என் அக்கா வாழ்க்கைப்பட்டது கொல்லிமலையில், செம்மேட்டுப் பக்கம். மாமாவுக்கு மிளகு, காப்பி. அக்காவுக்கு மாதாமாதம் பத்து நாள், பன்னிரண்டு நாள் ரத்தப்போக்கு. "பொம்பளைன்னா அப்படித்தான்டா" என்று காலம் தள்ளினாள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. சேலத்துக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தால், கர்ப்பப்பைக்குள் நார்க்கட்டி.

"வயித்தைக் கிழிக்க வேணாம். கீழ்வழியா கேமரா விட்டு, கரண்ட் வளையத்தால சீவி எடுத்துடலாம்" என்றார் டாக்டரம்மா. பெயர் ஹிஸ்டரோஸ்கோப்பி.

கர்ப்பப்பை காலித் துணிப்பை மாதிரி. சுவர்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை விரிக்க, திரவத்தை அழுத்தத்தோடு உள்ளே விடுகிறார்கள். வம்பு அங்கேதான். கட்டியைச் சீவும்போது ரத்தக்குழாய்கள் வாய் திறக்கும். அழுத்தம் கூடினால் திரவம் நேரே ரத்தத்துக்குள் பாயும்.

முன்பெல்லாம் கிளைசின் என்ற திரவம்தான். பழைய மின்கருவி உப்புநீரில் வேலை செய்யாது. கிளைசின் ஒரு லிட்டர் ரத்தத்தில் கலந்தாலே, 135-க்கு மேல் இருக்கவேண்டிய சோடியம் சுமார் 10 புள்ளி இறங்கும். மேலும் இறங்கினால் மூளை வீங்கும், உயிருக்கே ஆபத்து. பைபோலார் கருவி வந்தபின் சலைனே போதும். ஆனால் அதுவும் அளவு மீறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

குறைக்க வழி உண்டு. அழுத்தத்தை நோயாளியின் சராசரி ரத்த அழுத்தத்துக்குக் கீழேயே வைப்பது. வாசோபிரசினை நீர்க்கக் கலந்து கர்ப்பப்பை வாயில் ஊசி போட்டு ரத்தக்குழாய்களைச் சுருக்குவது. வேலையைச் சீக்கிரம் முடிப்பது. எல்லாவற்றுக்கும் மேலே, கணக்கு! எத்தனை லிட்டர் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று ஒருவர் எழுதிக்கொண்டே இருக்கவேண்டும். தரையில் சிந்தினதும் சேர்த்தி. மீதிதான் உடம்புக்குள் போனது. பட்ஜெட் பாஷையில், துண்டு! ஆரோக்கியமான பெண்ணுக்கு சலைன் என்றால் 2,500 மில்லி, கிளைசின் என்றால் 1,000 மில்லி. அதுதான் எல்லை. வயதானவர், இதய நோயாளி என்றால் இன்னும் குறைவு.

அக்காவுக்கு 9 லிட்டர் சலைன் போய், 6.6 லிட்டர்தான் திரும்பியது. துண்டு 2.4 லிட்டர். கட்டி முக்கால்வாசி வந்துவிட்டது. டாக்டரம்மா அதோடு நிறுத்திவிட்டார்.

மாமா கொதித்தார். "இன்னொரு தடவை எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கணுமா மாப்ளே? இன்னும் பத்து நிமிஷத்துல முடிச்சிருக்கலாமே!"

"மாமா, மிளகு மூட்டையை ஏத்தறப்போ ஒரு எடை, இறக்கறப்போ ஒரு எடை போடறீங்க. குறைஞ்சா என்ன செய்வீங்க?"

"வண்டியை நிறுத்தி, எங்கே போச்சுன்னு கேப்பேன்."

"அதையேதான் டாக்டரம்மா செஞ்சாங்க. இங்கே குறைஞ்சது அக்கா ரத்தத்துக்குள்ள போயிருக்கு."

மாமா பேசவில்லை. இரண்டு மாதம் கழித்து மீதியும் எடுத்தாயிற்று. இப்போது அக்கா சோளக்காட்டுச் சந்தையில் மூச்சு வாங்காமல் பேரம் பேசுகிறாள். வியாபாரிகளுக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

ஆபீஸ் நண்பர்களே! உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் என்றால், கூச்சப்படாமல் கேளுங்கள்: எந்தத் திரவம்? கணக்கு எழுதுவது யார்? எத்தனையில் நிறுத்துவீர்கள்? நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். பாதியில் நிறுத்தினால் நீங்களும் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. லெட்ஜரில் ஒரு ரூபாய் உதைத்தால் ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்து தேடுகிறோம். வீட்டில் ஒருத்தி மாதாமாதம் ரத்தத்தை இழந்து வெளுத்துப்போகிறாளே, அவளை என்றைக்காவது "என்னம்மா, உடம்புக்கு என்ன?" என்று கேட்டிருக்கிறோமா?