160 கிலோமீட்டர்... எவ்வளவு நேரம்?

ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே ஆகிய இரு தீவுகளுக்கு இடையே ஒரு விமானச் சேவை உண்டு. தூரம் சுமார் 2.7 கிலோமீட்டர். கால அட்டவணைப்படி பயண நேரம் 2 நிமிடம்! உலகின் மிகக் குறுகிய விமானப் பயணம் இதுதான்.

நம் ஜொகூரின் தலைக்கு மேலேயும் ஒரு காலத்தில் அப்படியொரு பாதை இருந்தது. சிங்கப்பூரின் செலேத்தார் விமான நிலையத்திலிருந்து தியோமான் தீவுக்குப் பெர்ஜாயா ஏர் பறந்தது. கிழக்கு ஜொகூரைக் கடந்து கடலுக்கு மேல் செல்லும் அந்த வழி நேர்கோட்டில் சுமார் 160 கிலோமீட்டர்.

மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் 20 நிமிடம்கூட ஆகாது. ஆனால் கணக்கு அப்படி வராது. மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் விமானம் மெதுவாகத்தான் போகும். தியோமானின் ஓடுபாதை ஒரு கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதன் ஒரு முனையில் மலை நிற்கிறது. அதனால் கடல் பக்கமாக வந்து இறங்கி, கடல் பக்கமாகவே கிளம்ப வேண்டும். எல்லாம் சேர்த்தால் அரை மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

ஜொகூர் பாருவில் இருப்பவருக்கு அந்த அரை மணி நேரமும் முழுக் கணக்கு அல்ல. பாலத்து நெரிசல், குடிநுழைவு வரிசை, விமான நிலையக் காத்திருப்பு என்று பாதி நாள் போய்விடும். அதே தியோமானுக்கு மெர்சிங் வழியாகப் போனால் கடப்பிதழே தேவையில்லை. கோத்தா திங்கி வழியாக மெர்சிங்குக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம். அங்கிருந்து பெர்ரியில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம்.

ஆனால் அங்கே கடல்தான் முதலாளி. மெர்சிங் ஆற்றின் முகத்துவாரம் ஆழமில்லாதது. நீர் வற்றினால் பெர்ரி நகராது. அதனால் புறப்படும் நேரம் நாளுக்கு நாள் மாறும். தங்கும் விடுதிக்குப் பணம் கட்டும் முன் பெர்ரி நேரத்தைக் கேளுங்கள். எந்தப் படகுத்துறையில் இறங்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கெந்திங், பாயா, தெக்கேக், ஆயர் பாத்தாங், சாலாங் என்று வரிசையாக நிற்கும். கடைசித் துறைக்குப் போவோர் இன்னும் சற்றுப் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. தீபாவளி விடுமுறையோடு சேர்த்துத் தீவுக்குப் போகலாம் என்று பல குடும்பங்கள் நினைப்பதுண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அலை உயர்ந்தால் பெர்ரிச் சேவை குறையும். சில நாள் நின்றும் போகும். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டியவர், ஞாயிறு மாலைப் படகை நம்பித் திட்டம் போடுவது ஆபத்து. கையில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

வரைபடம் தூரத்தைச் சொல்லும். நேரத்தைச் சொல்வது ஓடுபாதையும் எல்லையும் கடல்நீரும்தான். பிள்ளைகளோடு கிளம்பும்போது கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள். அன்றைய நீரேற்றத்தைப் பாருங்கள்.