அம்மாவின் ஓட்டு

"தை மாசம் நீ வரும்போது மீட்டிங் இருக்கு. வீடு உன் பேரிலேதானே இருக்கு? உனக்குத்தான் ஓட்டு. கட்டாயம் வந்துடு" என்று அம்மா போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வயதானவர்கள் வாழும் இடத்தில் அப்படி என்ன பெரிய தேர்தல் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா காலமான மறு வருஷம், அம்மா தனியாகக் கஷ்டப்பட வேண்டாமே என்று, கோயமுத்தூருக்குச் சற்று ஒதுக்குப்புறத்தில், ஓய்வு பெற்றவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பில் ஒரு சின்ன வீடு வாங்கினோம். இந்தப் பக்கத்தில் இப்போது இப்படிப்பட்ட குடியிருப்புகள் நிறைய வந்துவிட்டன. மிதமான சீதோஷ்ணம், பக்கத்திலேயே நல்ல ஆஸ்பத்திரிகள் என்று பிள்ளைகள் தேடி வந்து வாங்குகிறார்கள். 'முதியோர் இல்லம்' என்று யாராவது சொல்லிவிட்டால் அம்மாவுக்குப் பொல்லாத கோபம் வரும். "இல்லம் இல்லை, என் வீடு! சமையல் மட்டும்தான் பொதுவிலே" என்பாள்.

மொத்தம் 120 வீடுகள். நடுவில் ஓட்டுக் கூரை போட்ட நீளமான ஹால், அதன் முன்னால் அகலமான வராந்தா, ஏறுவதற்கு மூன்று படிகள். 'கிளப் ஹவுஸ்' என்று பெயர்ப் பலகை சொல்கிறது. எல்லோரும் 'ஹால்' என்றுதான் சொல்கிறார்கள். காலை ஆறரைக்கு யோகா, பதினொரு மணிக்கு ஆண்களின் ரம்மி, மாலையில் கேரம், வெள்ளிக்கிழமை பஜனை. ஓர் ஓரத்தில் இரண்டு பீரோ நிறையப் புத்தகங்கள், பழைய ஹார்மோனியம், எப்போதும் செய்தி ஓடிக்கொண்டிருக்கும் டி.வி.

இந்த ஹாலைத்தான் இடிக்கலாமா, கூடாதா என்று தகராறு.

சாப்பாட்டு மேஜையிலும் இரண்டு கட்சி

கமிட்டியின் திட்டம் பெரிது. பழைய ஹாலைத் தரைமட்டமாக்கிவிட்டு, அதே இடத்தில் மாடி வைத்த புதுக் கட்டடம். கீழே பெரிய ஹால். மேலே உடற்பயிற்சிக் கூடம், சின்ன சினிமா தியேட்டர், வந்து போகும் பிள்ளைகளுக்கு விருந்தினர் அறைகள். வீட்டுக்கு 2 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய். வேலை முடியப் பதினெட்டு மாதம்.

நான் போய் இறங்கிய அன்று மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் பார்க்கிறேன்... வேண்டும் என்பவர்கள் ஜன்னலோரம், வேண்டாம் என்பவர்கள் கை கழுவும் இடத்துப் பக்கம்! ரசம் பரிமாறுகிற பெண்தான் இரண்டு பக்கமும் போய் வருகிற ஒரே தூதுவர்.

வேண்டும் என்பவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மழைக்கு ஓடு ஒழுகுகிறது. வயரிங் பழசு. "அரிசோனாவிலே சன் சிட்டின்னு ஒரு ஊர். 1960 ஜனவரி 1-ஆம் தேதி திறந்தான். வீடு விக்கறதுக்கு முன்னாலேயே கிளப்பையும் கோல்ஃப் மைதானத்தையும் கட்டிக் காட்டினான். மூணே நாளிலே லட்சம் பேர் வந்து பார்த்தாங்க. வயசானவனுக்கு வீட்டைவிட ஹால்தான் முக்கியம்" என்றார், மகள் வீட்டுக்கு அமெரிக்கா போய் வந்த ஒரு மாமா.

எதிர்க் கட்சித் தலைவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். "சார், பதினெட்டு மாசம் உங்களுக்கு வெறும் கணக்கு. எனக்கு 84 வயசு. நான் எந்த ஹாலிலே ரம்மி ஆடப்போறேன்? பென்ஷனிலே ரெண்டேகால் லட்சத்துக்கு எங்கே போவேன்? ஆஸ்துமாக்காரங்க எத்தனை பேர் இருக்காங்க, இடிக்கிற தூசிக்கு யார் ஜவாப்?" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை.

எனக்கு மனசுக்குள் முதல் கட்சிதான். உடற்பயிற்சிக் கூடம் வந்தால் அம்மாவின் முழங்கால் வலிக்கு நல்லதாயிற்றே! கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாயங்கால ரயிலைப் பிடிக்கலாம் என்று கூட நினைத்தேன்.

வராந்தா சபை

நல்லவேளை, உடனே கிளம்பவில்லை. நாலரை மணிக்கு அம்மா என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனாள். பத்துப் பதினோரு பெண்கள். ஒருவர் மல்லிகை தொடுக்கிறார். இன்னொருவர் டப்பாவில் தட்டை கொண்டுவந்து, "உப்பு ஜாஸ்தியா சொல்லு" என்று நீட்டுகிறார். பேச்சு எங்கெங்கோ போகிறது. பேரன் கல்யாணம், சர்க்கரை மாத்திரை, டி.வி. சீரியலில் வருகிற மாமியார்.

ஐந்து மணி ஆயிற்று. "எங்கே, மூணாம் வரிசை மாமியைக் காணோம்?" என்று யாரோ கேட்டதும் உடனே ஒருவர் போன் போட்டார். தூங்கிவிட்டாராம். எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். அப்புறம்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. போன வருஷம் இப்படித்தான் ஒருவர் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் பாத்ரூமில் விழுந்து கிடந்தாராம். அந்த நாலரை மணி சபை இல்லையென்றால் மறுநாள் வேலைக்காரி வந்துதான் கதவைத் தட்டியிருப்பாள்.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன கணக்குப்படி, உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுவதால் இறந்துபோகிறார்கள். அதில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். அதே நிறுவனம் 2023-ல், தனிமையையும் ஓர் ஆரோக்கியப் பிரச்னையாக எடுத்துக்கொண்டு ஆராய ஒரு தனிக் குழுவையே அமைத்தது. இந்த வராந்தாவோ ஒரு செலவும் இல்லாமல் இரண்டுக்கும் காவல் இருக்கிறது. இதையா இடிப்பது?

இன்னொன்றும் கவனித்தேன். அங்கே இருந்த பதினோரு பேரில் ஓட்டு இருந்தது மூன்றே பேருக்கு. மற்றவர்கள் வீடு மகன் பேரிலோ, மகள் பேரிலோ இருந்தது. இரண்டு பேர் வாடகைக்கு இருந்தார்கள். தினமும் அங்கே உட்காருகிறவர்களுக்கு ஓட்டு இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற எனக்கு இருக்கிறது!

அன்று ராத்திரி தீர்மானமாகச் சொன்னேன்: "அம்மா, நான் 'வேண்டாம்'னுதான் போடப்போறேன். இந்த வராந்தாவை இடிக்க விடமாட்டேன்."

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்: "டீச்சரம்மாவை இன்னிக்கு அங்கே பார்த்தியா?"

"எந்த டீச்சரம்மா?"

"அதான். நீ பார்த்திருக்க முடியாது. அவ வந்து அஞ்சு மாசம் ஆச்சு. மூணு படி ஏற முடியலை. கைப்பிடி கிடையாது. ஒருத்தர் கையைப் பிடிச்சு ஏத்திவிடணும். தினம் கெஞ்சிக்கிட்டு வரணுமான்னு நின்னுட்டா. பூ தொடுத்தாளே ஒருத்தி, அவ ஏன் அஞ்சேகாலுக்கே எழுந்து போனா, தெரியுமா? பி.பி. மாத்திரை சாப்பிடறா, அடிக்கடி போகணும். டாய்லெட் ஹாலுக்குப் பின்னாலே, ஈரச் சிமென்ட் தாண்டி இருக்கு. அங்கே போகப் பயந்து, மூணு மணிக்கு மேலே வாயிலே ஒரு சொட்டுத் தண்ணி விடமாட்டா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "வந்து உட்காருகிறவங்க முகம்தான் உனக்குத் தெரியுது. வராதவங்க கணக்கை யார் எடுத்தா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தையல் டேப்பும் மூன்று படியும்

மறுநாள் காலையில் அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒரு படி ஆறு அங்குலம். மூன்று படியும் சேர்த்து ஒன்றரை அடி உயரம். சக்கர நாற்காலி ஏற ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் சாய்தளம் வேண்டும். அப்படியென்றால் இங்கே 18 அடி. வராந்தாவின் பக்கவாட்டில் அதற்குத் தாராளமாக இடம் இருந்தது! டாய்லெட் கதவு 26 அங்குலம்தான். சக்கர நாற்காலி சிரமம் இல்லாமல் நுழைய மூன்றடியாவது வேண்டும். உள்ளே பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. தரையிலோ முகம் பார்க்கிற மாதிரிப் பளபளப்பு.

மத்திய அரசின் வீட்டு வசதி அமைச்சகம் 2019-லேயே இப்படிப்பட்ட குடியிருப்புகளுக்கென்று மாதிரி நெறிமுறைகள் கொடுத்திருக்கிறது. வழுக்காத தரை, கைப்பிடி, சாய்தளம் எல்லாம் அதில் உண்டு. அதற்கு முன்னால் கட்டிய இடங்களில் நாமாகச் செய்துகொண்டால்தான் உண்டு.

தண்ணீர் விஷயம் என்னை ரொம்பவும் உறுத்தியது. வயதானால் தாகமே சரியாகத் தெரியாது. அதோடு பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, தலைசுற்றல் எல்லாம் வரும். தலை சுற்றினால் விழ வேண்டியதுதானே! ஒரு டாய்லெட் எங்கே இருக்கிறது என்பதில் ஒரு பெண்ணின் ஆரோக்கியமே அடங்கியிருக்கிறது. கமிட்டியின் பளபளப்பான படங்களில் தியேட்டர் நாற்காலியின் நிறம் கூட இருந்தது. டாய்லெட் எங்கே என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மீட்டிங்

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மீட்டிங். காலையில் காபி குடித்ததும் ஒரு வெள்ளைத் தாளில், 'என் சார்பில் என் தாயார் ஓட்டளிப்பார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு இஸ்திரி போட்ட கைத்தறிப் புடவை கட்டிக்கொண்டாள்!

ஒரு மணி நேரம் இரண்டு கட்சியும் காரசாரமாகப் பேசின. பிறகு அம்மா எழுந்தாள். அப்பா இருந்தவரையில் நாலு பேர் முன்னால் அவள் பேசி நான் பார்த்ததே இல்லை.

"எனக்கு மாடி வேண்டாம். இருக்கிறது இருக்கிறபடியேயும் வேண்டாம். நம்மில் பதினாலு பேர் இப்போ ஹாலுக்கு வர்றதில்லை. நான் வீடு வீடாப் போய்க் கேட்டேன். எட்டுப் பேருக்குப் படி, நாலு பேருக்கு டாய்லெட், ரெண்டு பேருக்கு ஹாலுக்குள்ளே எதிரொலியிலே பேச்சே காதிலே விழறதில்லை. முதல்லே இதைச் சரி பண்ணுவோம். ஓட்டையும் வயரிங்கையும் மாத்துவோம். பாதி ஹாலை மூடி வேலை பார்த்தா மீதி பாதி நமக்கு. வராந்தாவை ஒரு நாளும் மூட வேண்டாம். மாடியைப் பத்தி அப்புறம் சண்டை போடலாம்."

கடைசி வரிக்கு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பொதுப்பணித் துறையில் எஞ்சினீயராக இருந்தவர் அங்கேயே கணக்குப் போட்டு, வீட்டுக்கு 60 ஆயிரம் ஆகும், நாலு தவணையாகக் கட்டலாம் என்றார். வாடகைக்கு இருப்பவர்களும் மீட்டிங்கில் பேசலாம் என்று ஒரு தீர்மானம். பிறகு ஓட்டு. 71 பேர் சரி என்றார்கள், 32 பேர் கூடாது என்றார்கள்.

எல்லோருக்கும் திருப்தி என்று சொல்ல மாட்டேன். தியேட்டர் கட்சியில் சிலருக்கு இன்னும் மனஸ்தாபம். ரயில்வே மாமா, "அறுபதாயிரம் மட்டும் மரத்திலேயா காய்க்குது?" என்று ஒரு வாரம் அம்மாவோடு பேசவே இல்லையாம். எட்டாம் நாள், "அந்த நார்த்தங்காய் ஊறுகாய் இன்னும் இருக்கா?" என்று கேட்டு வந்தாராம். மாடிச் சண்டை அடுத்த தைக்குக் காத்திருக்கிறது.

ஆனி மாதத்தில் சாய்தளம் முடிந்தது. இரண்டு பக்கமும் கைப்பிடி. முதல் நாள் மாலை டீச்சரம்மா யார் கையையும் பிடிக்காமல் மெதுவாக நடந்து ஏறி வந்தாராம். எல்லோரும் கண்ணில் தண்ணீரோடு பார்த்துக்கொண்டிருக்க, உட்கார்ந்த கையோடு டீச்சரம்மா சொன்னது: "என்ன இது, நாற்காலி இவ்வளவு தாழ்வா இருக்கு? எப்படி எழுந்திருக்கிறது?" இப்போது 18 அங்குல உயரத்தில், கை வைத்த நாற்காலிகளுக்கு அம்மா மனு கொடுத்திருக்கிறாள்!

சகோதரிகளே, நம்மில் பலர் பெற்றோருக்காக வீடு வாங்கி, ஒரு சௌகரியத்துக்காக நம் பேரில் எழுதி வைத்திருப்போம். அதில் தப்பில்லை. ஆனால் அந்த வீட்டைப் பற்றியோ, அவர்கள் உட்காரும் திண்ணையைப் பற்றியோ ஒரு காகிதம் வந்தால், கையெழுத்துப் போடுமுன் அவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வதை நம்முடைய ஆசைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளாமல் இருங்கள். நான் இரண்டு தடவை தீர்மானம் செய்தேன். இரண்டு தடவையும் அம்மாவுக்காகத்தான் என்று நினைத்தேன். இரண்டுமே அவள் தீர்மானம் இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக எங்கள் வீட்டு பாத்ரூமில், மாமியார் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கம்பி பொருத்தினேன். எந்த உயரத்தில் வேண்டும் என்று அவரையே கேட்டுத்தான்.