சுதாவுக்குச் சின்னம்மா எழுதுவது

வவுனியா

அன்புள்ள சுதா,

மருமகன் மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் பேச ஜெனீவா போகிறார், நீ இங்கே பத்திரிகைக்கு அரசியல் எழுதுகிறாய், இருவரில் ஒருவராவது இந்த வேலையை விடவேண்டும் என்று அக்கா அழுகிறாள் என்று எழுதியிருந்தாய். அவளுடைய பயம் வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் விடச் சொல்லவும் மனம் வரவில்லை, பிள்ளை. பிரகீத் எக்னெலிகொடவையும் அவருடைய மனைவி சந்தியாவையும் நினைத்துப் பார். பிரகீத் லங்கா ஈ நியூஸுக்கு அரசியல் எழுதியவர், கேலிச்சித்திரம் வரைந்தவர். 2009 ஓகஸ்டில் ஒருமுறை கடத்திக்கொண்டு போய்ப் பிறகு விட்டுவிட்டார்கள். 2010 ஜனவரி 24, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. அன்றிலிருந்து சந்தியா ஏறி இறங்காத வாசல் இல்லை.

2011 நவம்பரில் அரசின் சார்பில் முன்னாள் சட்டமா அதிபர் மொகான் பீரிஸ், சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. குழுவின் முன், பிரகீத் வெளிநாட்டில் இருக்கிறார் என்றார். ஜெனீவாவில் சொன்னது அங்கேயே அடங்கிப்போயிருக்கும். சந்தியா விடவில்லை. அடுத்த வருடம் ஹோமாகம நீதிமன்றத்தில் கேட்டபோது, தனக்கு ஒன்றும் தெரியாது என்றார் அதே மனிதர். மருமகனுக்கு இதைச் சொல்லு. அவர் அங்கே பேசுவதற்கு, நீ இங்கே விசாரித்து எழுதுவதுதான் அடித்தளம். அவர் அங்கே பேசாவிட்டால் உன் எழுத்தும் இந்தத் தீவைத் தாண்டாது.

2016 இல் அதே நீதிமன்றத்தில் பொது பல சேனாவின் ஞானசார தேரர் சந்தியாவை மிரட்டினார். முறைப்பாடு செய்து, 2018 இல் அவருக்குச் சிறைத்தண்டனை கிடைக்கும்வரை சந்தியா நின்றார். 2019 இல் பிரகீத் வழக்கில் இராணுவப் புலனாய்வைச் சேர்ந்த ஒன்பது பேர்மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. பிரகீத் மட்டும் இன்னும் வரவில்லை.

காணாமல் போனவர்களைத் தேடும் எங்கட தாய்மாரோடும் சந்தியா வந்து நின்றிருக்கிறார். 2022 ஜனவரியில் முகத்துவாரம் காளி கோயிலில் மொட்டை அடித்துக்கொண்டு அம்மாளிடம் நீதி கேட்டார். அந்தச் சிங்களப் பெண் ஏன் அப்படிச் செய்தார் என்று இங்கே ஒருத்தருக்கும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

நீ யாரைச் சந்திக்கப் போகிறாய், எங்கே போகிறாய் என்பது மருமகனுக்குத் தெரிந்திருக்கட்டும். குறிப்புப் புத்தகங்களின் பிரதி ஒன்றை என்னிடம் தா. அவர் புறப்படுவதற்கு முன் அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவளோடு நான் பேசுகிறேன்.

அன்புடன்,
சின்னம்மா