கௌரவமான ஓய்வு

தொடர்கதையை ஆரம்பிப்பது ஒன்றும் பிரமாதமான காரியமில்லை. ஒரு ரயில்வே ஸ்டேஷன், ஒரு மழை இரவு, யாரோ ஒருத்தி கையில் பெட்டியோடு இறங்குகிறாள். அவ்வளவு போதும், பத்திரிகை ஆசிரியர் ஒப்புக்கொண்டுவிடுவார். முடிப்பதில்தான் இருக்கிறது சங்கடம். நன்றாகப் போகிற கதையை நிறுத்தினால் வாசகர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். நிறுத்தாமல் இழுத்தாலோ, அதே வாசகர்கள் ஒரு நாள் சத்தமில்லாமல் அந்தப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். கோபித்துக்கொள்வதாவது கடிதமாக வருகிறது. புரட்டிக்கொண்டு போவது எந்தத் தபாலிலும் வருவதில்லை.

மோட்டார் கார் செய்கிறவர்களுக்கும் இந்தச் சங்கடம் உண்டு. அமெரிக்காவில் மின்சாரக் கார் செய்யும் டெஸ்லா கம்பெனியின் தலைவர் ஈலான் மஸ்க், 2026 ஜனவரி 28-ம் தேதி பங்குதாரர்களோடும் கணக்கு நிபுணர்களோடும் பேசியபோது ஒரு செய்தி சொன்னார். கம்பெனிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த மாடல் எஸ், அதன் தங்கையான மாடல் எக்ஸ் இரண்டையும் அந்த ஆண்டின் இரண்டாவது காலாண்டில் நிறுத்தப் போவதாகச் சொன்னார். பட்டாளத்தில் நல்லபடியாகப் பணி செய்தவனை மரியாதையோடு விடுவித்து அனுப்புவதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொற்றொடர் உண்டு. அதையே பயன்படுத்தினார். அந்தக் கார்கள் செய்யப்பட்ட இடத்தில் இனிமேல் ‘ஆப்டிமஸ்’ என்ற யந்திர மனிதனைச் செய்யப் போகிறார்களாம். வருஷத்துக்குப் பத்து லட்சம் என்பது இலக்கு.

இதில் எனக்கு என்ன அக்கறை என்று கேட்பீர்கள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டுகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து பேசத்தான் தெரியும். ஆனால் அந்தத் தொழிற்சாலை இருக்கும் ஃப்ரீமாண்ட் நகரில் என் தமக்கை மகன் பல வருஷங்களாகக் குடியிருக்கிறான். 2013-ல் வாங்கிய ஒரு மாடல் எஸ்ஸை இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறான். அவன் வீட்டில் ஒரு கோடைக்காலம் தங்கியிருந்தபோது தினம் மாலை அந்தக் காரில்தான் எனக்குக் காற்று வாங்கல். சத்தமே இல்லாமல் புறப்படுகிற வண்டியில் உட்கார்ந்தால் முதல் இரண்டு நாள் ஏதோ திருட்டுக்குப் போவதுபோல் இருக்கும். பிறகு பழகிவிடுகிறது.

கதை 2006-ல் ஆரம்பிக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மஸ்க் ஒரு திட்டம் எழுதினார். ‘ரகசியத் திட்டம்’ என்று தலைப்பு. உலகமே படிக்கும்படி வெளியிட்டதும் அவரேதான்! விஷயம் எளியது. முதலில் பணக்காரர்களுக்கு ஒரு பந்தயக் கார். அதில் வரும் பணத்தில் அதைவிட விலை குறைந்த கார். அதில் வரும் பணத்தில் இன்னும் விலை குறைந்த கார். அந்த ஏணியில் முதல் படி ரோட்ஸ்டர். 2008-ல் வந்தது, லட்சம் டாலருக்கு மேல் விலை, மொத்தம் இரண்டாயிரத்து ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவாகவே செய்தார்கள். இரண்டாவது படி மாடல் எஸ். 2012 ஜூன் 22-ம் தேதி ஃப்ரீமாண்டில் முதல் சில பேருக்குச் சாவி கொடுத்தார்கள். 2015-ல் மாடல் எக்ஸ். 2017-ல் மாடல் 3, 2020-ல் மாடல் ஒய். இந்தக் கடைசி இரண்டும்தான் ஊரெல்லாம் ஓடுகிறவை.

ஏணியில் ஏறினவன் கீழ்ப்படியை எத்தனை நாள் துடைத்துக்கொண்டிருப்பான்? 2017-ல் கம்பெனி விற்றது ஏறக்குறைய 1,03,000 கார். அதில் 1,01,000 எஸ்ஸும் எக்ஸும். 2025-ல் விற்றது 16 லட்சத்துக்கு மேல். அதில் எஸ், எக்ஸ் இரண்டோடு சைபர்டிரக்கையும் சேர்த்தால்கூட ஐம்பத்தோராயிரத்தைத் தாண்டவில்லை. நூற்றுக்கு மூன்று. கணக்குப் பிள்ளை யாராக இருந்தாலும் பேனாவை எடுத்து அடித்துவிடுவார்.

ஆனால் அவர்கள் அடிக்கவில்லை; அங்கேதான் எனக்குச் சுவாரசியம். 2019 அக்டோபரிலேயே மஸ்க் சொல்லிவிட்டார், இந்த இரண்டு கார்களையும் தொடர்ந்து செய்வதற்குப் பாசம்தான் பெரிய காரணம் என்று. வியாபாரம் செய்கிறவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது அபூர்வம். அதற்குப் பிறகு ஆறு வருஷத்துக்கு மேல் அந்தக் கார்கள் பாசத்தில் ஓடின.

மற்றக் கம்பெனிகள் காருக்கு வயது வைத்திருக்கிறார்கள். நாலு வருஷத்தில் முகத்தை மாற்றுவார்கள். ஏழெட்டு வருஷத்தில் புதிதாகவே பிறக்கச் செய்வார்கள். டெஸ்லாவுக்கு அந்த வழக்கமில்லை. தோன்றியபோது தோன்றியதை மாற்றுவார்கள். 2014-ல் முன்னும் பின்னுமாக இரண்டு மோட்டார். 2016-ல் முகத்தில் இருந்த கறுப்பு மூக்கு போயிற்று. நடு நடுவே இரவில் நிறுத்திவைத்த வண்டிக்குக் காற்று வழியாகப் புதிய நிரல் வந்து சேரும். காலையில் பார்த்தால் நேற்று இல்லாத வித்தை ஒன்றைச் செய்யும். 2021-ல்தான் பெரிய மாற்றம். உள்ளே எல்லாம் புதுசு. மூன்று மோட்டார் வைத்த ரகம் இரண்டே விநாடியில் மணிக்கு அறுபது மைல் எட்டியது. அதோடு, வட்டமான ஸ்டியரிங்கின் மேல்பாதியை வெட்டிவிட்டு ஆகாய விமானத்தில் இருப்பதுபோல் ஒன்றை வைத்தார்கள். ஜனங்கள் முணுமுணுத்தார்கள். 2023-ல் வட்டம் திரும்பி வந்தது. (வட்டத்தோடு சண்டை போட்டு ஜெயித்தவன் உலகத்தில் யார்?)

இவ்வளவு செய்தும் தோல் அதே தோல்தான். 2012-ல் வந்ததையும் 2025-ல் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி என்று குழந்தைகூடச் சொல்லும். ஏன் அடியோடு மாற்றவில்லை என்று மருமானைக் கேட்டேன். அவன் வண்டியின் தரையைத் தட்டிக் காட்டினான். “இதற்குக் கீழேதான் மாமா எல்லாம். ஏழாயிரம் சின்ன பாட்டரிகள்” என்றான். பதினெட்டு மில்லிமீட்டர் குறுக்களவு, அறுபத்தைந்து மில்லிமீட்டர் நீளம். மடிக் கணினிகளில் போடுவதற்காக ஏற்பட்ட உருவம், ஜப்பானிலிருந்து வருவது. மாடல் 3-க்கு அதைவிடப் பெரிய பாட்டரியை நெவாடாவில் செய்தார்கள். எஸ்ஸையும் அதற்கு மாற்றலாமே என்றால், பாட்டரி மாறினால் பெட்டி மாறும். பெட்டி மாறினால் தரை மாறும். தரை மாறினால் அலுமினிய உடம்பு முழுவதும் மாறும். பழைய பெயரில் புதுக் கார் செய்தாக வேண்டும். அதற்கு ஆகிற செலவை நூற்றுக்கு மூன்று பேரிடம் வசூலிக்க முடியாது.

இது எனக்கு உடனே புரிந்துவிட்டது. என்னுடைய பழைய நாவல் ஒன்றைப் புதுப் பதிப்பாகப் போட விரும்பிய பதிப்பாளர், “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தந்தி என்றால் தெரியாது சார், 2013-லேயே அதை மூடிவிட்டார்கள். தந்தியை எடுத்துவிட்டு வாட்ஸப் போட்டுவிடலாமே?” என்று விநயமாகக் கேட்டார். போடலாம்தான். ஆனால் அந்தத் தந்தி இரண்டு நாள் தாமதமாக வந்ததால்தான் கதாநாயகிக்கு வேறொருவனோடு கல்யாணம் ஆகிறது. வாட்ஸப் வந்தால் இரண்டாம் அத்தியாயத்திலேயே எல்லாம் சுபமாக முடிந்து, மீதி முந்நூறு பக்கத்துக்கு வேலை இல்லாமல் போய்விடும். “ஒன்று தந்தியோடு போடுங்கள், இல்லையென்றால் போடாமலே இருங்கள்” என்று சொல்லிவிட்டேன். போடவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அந்தப் பெண்ணுக்கு நான் துரோகம் செய்யவில்லை.

டெஸ்லாக்காரர்கள் செய்தது மூன்றாவது வழி. நிறுத்தவும் இல்லை, முழு மனதோடு நடத்தவும் இல்லை. புதுப்பித்த கார்களுக்கு வலப்பக்க ஸ்டியரிங் வைக்கவே இல்லை. பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்களிடம் 2023-ல், உங்கள் பக்கத்து ஸ்டியரிங் வராது என்று சொல்லிவிட்டார்கள். 2025 ஏப்ரலில் சீனாவில் புது ஆர்டர் வாங்குவது நின்றது. அதே வருஷம் ஜூனில் முன்பம்பரில் ஒரு காமிரா, ஒரு புது நீல வர்ணம், கொஞ்சம் நிசப்தம் இவற்றைச் சேர்த்து ஐயாயிரம் டாலர் விலை ஏற்றினார்கள். வீட்டுப் பெரியவருக்குப் புது வேஷ்டி எடுத்துக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டைக் குறைப்பதுபோல் இருக்கிறது. என் அபிப்பிராயத்தில் 2021-லேயே முடிவு செய்திருக்க வேண்டும்: புதிய உடம்பு அல்லது விடை.

பழைய காரைப் பிடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்துதான். ஹென்றி ஃபோர்டு தம்முடைய மாடல் டியை 1908-லிருந்து 1927 வரை விடவில்லை. ஒன்றரைக் கோடி வண்டி ஓடிற்று என்பது வாஸ்தவம். ஆனால் ஷெவர்லே பக்கத்தில் வந்து தோளை உரசினபோதும் அவர் விலையைக் குறைத்தாரே தவிர, காரை மாற்றவில்லை. கடைசியில் மாற்ற வேண்டி வந்தபோது தொழிற்சாலையை ஏறக்குறைய ஆறு மாதம் மூடி வைத்தார்.

இதற்கு எதிர்க்கட்சியில் ஜெர்மனியின் போர்ஷே. அவர்களுடைய 911 என்ற கார் 1960-களில் பிறந்தது. எழுபதுகளின் கடைசியில் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டு 928-ஐ நாற்காலியில் உட்காரவைக்க நிர்வாகம் தீர்மானித்திருந்தது. 1981-ல் பீட்டர் ஷூட்ஸ் என்பவர் தலைவராக வந்தார். பொறியாளர் ஒருவரின் அறைச் சுவரில் ஓர் அட்டவணை தொங்கியது. மற்றக் கார்களின் கோடுகள் எல்லாம் நீண்டு போக, 911-இன் கோடு மட்டும் அந்த வருஷத்தோடு நின்றிருந்தது. ஷூட்ஸ் ஒரு தடித்த பேனாவை எடுத்து அந்தக் கோட்டை நீட்டினார். காகிதம் தீர்ந்த பிறகும் நிறுத்தாமல் சுவரிலும் இழுத்துக்கொண்டே போனார். அந்தக் கோடு இன்னும் ஓடுகிறது. 928 போய்ப் பல காலமாயிற்று. ஆனால் ஒன்று. போர்ஷேக்காரர்கள் கோட்டை இழுத்ததோடு நிற்கவில்லை. தலைமுறைக்குத் தலைமுறை அந்தக் காரின் எலும்பு வரை மாற்றியிருக்கிறார்கள். எஞ்ஜினைக் காற்றால் குளிர்விப்பதைக்கூட விட்டுவிட்டார்கள். பாசம் வைத்தால் அப்படிச் செலவோடு வைக்க வேண்டும்.

ஃப்ரீமாண்ட் கட்டடத்துக்கு இந்தப் பிரிவெல்லாம் புதிதல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் அறுபதுகளின் ஆரம்பத்தில் கட்டியது, 1982-ல் மூடினார்கள். 1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாகத் திறந்து, பழைய தொழிலாளிகளையே பெரும்பாலும் அழைத்து, ஜப்பானிய முறையில் வேலை கற்றுக்கொடுத்தார்கள். அடங்காதவர்கள் என்று பெயர் எடுத்திருந்த அதே ஜனங்கள் அமெரிக்காவிலேயே நல்ல வேலைக்கு உதாரணமாக ஆனார்கள். இந்த ஒரு விஷயத்தை வைத்து ஒரு நாவலே எழுதலாம். எனக்கு வயதிருந்தால் எழுதுவேன். 2010 ஏப்ரல் 1-ம் தேதி கடைசியாக ஒரு சிவப்புக் கொரோலா வெளியே வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அதே வருஷம் டெஸ்லா நாலு கோடியே இருபது லட்சம் டாலருக்கு அந்த இடத்தை வாங்கியது. இவ்வளவு பெரிய தொழிற்சாலைக்கு அது அடிமாட்டு விலை. அந்தக் கூரையின் கீழே இப்போது காரின் இடத்தில் யந்திர மனிதன் வரப் போகிறான். ஒரு காருக்குப் பதில் இன்னொரு கார் வந்தால் அது வாரிசு. இங்கே வருவது வாரிசு இல்லை, வேறு தொழில். எனக்கு உறுத்துவது இதுதான். கார் நிற்பதைப் பற்றிக்கூட அவ்வளவு இல்லை.

மருமானுக்கு உறுத்தல் வேறு தினுசு. “மாமா, அந்த விலை கொடுத்து நாங்கள் வாங்கினதால்தானே சின்னக் கார் வந்தது? இனிமேல் இதற்கு ஒரு கதவுப் பிடி உடைந்தால் யாரைக் கேட்பது?” என்றான். பாட்டரிக்கும் மோட்டாருக்கும் எட்டு வருஷ உத்தரவாதம் கொடுத்திருந்தார்கள். அவன் வண்டிக்கு அது 2021-லேயே முடிந்துவிட்டது. அதே 2021-ல்தான் 2012 முதல் 2018 வரை செய்த எஸ், எக்ஸ் கார்களில் ஏறக்குறைய 1,35,000 வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைத்தது. நடுவில் இருக்கும் பெரிய திரைக்கு உள்ளே ஒரு ஞாபகச் சில்லு. வண்டி ஓயாமல் தன் தினசரிக் குறிப்பை அதில் எழுதி எழுதி, அது தேய்ந்துபோய்விட்டதாம். எழுதியே தேய்ந்த பொருள் என்று கேட்டதும் எனக்கு அதன்மேல் தனி அபிமானம் உண்டாகிவிட்டது.

அந்த ஜனவரிச் செய்தி வந்த மறுநாள் டெலிபோனில் கேட்டேன்: “உன் கிழவனை என்ன செய்யப் போகிறாய்?”

“ஓட்டிக்கொண்டுதான் இருப்பேன் மாமா. போன வாரம்தான் நாலு டயரும் மாற்றினேன்” என்றான்.