உருகாத பாலாடைக்கட்டி

‘சீஸ்’ என்றவுடன் பீட்சாவின் மேல் உருகி வழியும் மஞ்சள் நிறப் பொருளே நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். தமிழ்ப்பள்ளியில் அதைப் ‘பாலாடைக்கட்டி’ என்று படித்தேன். இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் அது ‘கேஜு’ ஆனது. நெருப்பில் வாட்டினாலும் உருகாத பாலாடைக்கட்டி உண்டு என்பதைப் பல்கலைக்கழகம் வந்த பிறகே அறிந்தேன்.

சைப்ரஸ் தீவின் ஹலூமி அத்தகையது. செம்மறியாட்டுப் பாலிலும் வெள்ளாட்டுப் பாலிலும் செய்வார்கள், பசும்பாலும் சேர்வதுண்டு. திரண்ட கட்டியை, பால் திரிந்த தண்ணீரிலேயே 90 பாகை செல்சியசுக்கு மேல் வேக வைப்பார்கள். அதனால் அது துண்டு துண்டாக வாட்டினாலும் உருக்குலைவதில்லை. கோடைக்காலத்தில் தர்ப்பூசணியோடு உண்பது அங்குள்ள வழக்கம்.

எங்கள் வாடகை வீட்டில் நாங்கள் மூவர். மலாய்த் தோழி, சீனத் தோழி, நான். பாலாடைக்கட்டி வாங்கும் போதெல்லாம் மலாய்த் தோழி உறையைத் திருப்பி, பாலைத் திரிய வைக்கும் ‘ரென்னட்’ எதிலிருந்து வந்தது என்று பார்ப்பார். கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பதே பழைய முறை. நுண்ணுயிரிகளிலிருந்து பெறப்படுவதும் உண்டு. அவருக்கு ஹலால் கவலை. எனக்கோ அம்மாவின் கவலை. அம்மா சுத்த சைவம். பிறர் வீட்டில் தண்ணீர் குடிக்கவும் தயங்குபவர்.

அந்த அம்மா, கடந்த புரட்டாசியில் எங்கள் வீட்டிற்கு முதன்முறையாக வந்தார். மூன்று மதத்தாரும் ஐயமின்றி உண்ணும் உணவு எது? பன்னீர்தான் என முடிவு செய்தோம். இரண்டு லிட்டர் பாலைக் கொதிக்க வைத்து எலுமிச்சைச் சாறு விட்டோம். திரண்டதைத் துணியில் கட்டி, ஒரு மணி நேரம் அம்மிக்கல்லுக்குப் பதிலாகக் கனமான பாடப்புத்தகங்களை அடுக்கி வைத்தோம். சூட்டினாலும் புளிப்பினாலும் பாலின் புரதங்கள் இறுகிக்கொள்வதால் பன்னீரும் உருகாது.

நம் நாட்டில் நான்கு பருவங்கள் இல்லை. சந்தையில் எது குவிந்து விலை இறங்குகிறதோ அதுவே நமக்குப் பருவக் காய். அன்று நீட்டுக் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் கேமரன் மலைத் தக்காளியும் மலிவாகக் கிடைத்தன. நுனியை ஒடித்தால் ‘டக்’கென்று முறியும் வெண்டைக்காயாகப் பார்த்து எடுத்தேன்.

இறைச்சி படாத புதிய கம்பி வலையை வாங்கி, கரியடுப்பில் வைத்தோம். வேக நேரம் எடுக்கும் கத்தரிக்காய் முதலில், பிறகு வெண்டைக்காய், கடைசியில் தக்காளி. விரல் கனத்தில் நறுக்கிய பன்னீரில் உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், எண்ணெய் தடவி வாட்டினோம். அடிக்கடி புரட்டக்கூடாது, அடிப்பக்கம் சிவந்ததும் தானாகவே வலையை விட்டு வரும்.

அம்மா அடுப்படியிலேயே நின்று அனைத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. தட்டைப் போட்டதும், “ஆண்ட்டி, மாக்கான்” என்றார் மலாய்த் தோழி. அம்மா உட்கார்ந்தார். ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார். பின்னர், மிகவும் சிவந்த துண்டைத் தேடி எடுத்து அத்தோழியின் தட்டில் வைத்து, “நீயும் சாப்பிடு” என்று தமிழிலேயே சொன்னார். மொழிபெயர்க்க நான் வாயெடுக்கும் முன்பே அவர் சாப்பிடத் தொடங்கியிருந்தார்.

பல்லின மக்கள் ஒன்றாக வாழும் நாடு நம் நாடு என்று கட்டுரைகளில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். ஒன்றாக உண்பதற்கு, அடுத்தவர் எதை உண்ணமாட்டார் என்பதை அறிந்து வைத்திருந்தாலே போதும். நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒருமுறை பால் காய்ச்சிப் பாருங்கள்.