பெருநாளுக்கு முன் காணாமல் போன விண்டோஸ்



இது என் பிழையைப் பற்றிய பதிவு. ஒரே லெப்டொப்பைப் பலர் பாவிக்கும் வீடுகளுக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

என்னிடம் படிக்கும் பிள்ளை ஒருத்தியின் வீட்டில் பழைய லெப்டொப் ஒன்று. விண்டோஸ் 11 அதில் ஏறாது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. "லினக்ஸ் பழகோணும் சேர்" என்று ஆசைப்பட்டாள். விண்டோஸை அழிக்காமல், பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட்டையும் போட்டுக் கொடுத்தேன்.

இப்படி இரண்டும் இருந்தால், ஓன் பண்ணியதும் 'கிரப்' என்ற மெனு வரும். எதற்குள் போவது என்று அதில் தெரிவு செய்யலாம். சும்மா விட்டால் சில செக்கன்களில் அதுவே ஒன்றைத் திறந்துவிடும். கடைசியாகப் பாவித்தது எதுவோ அதுவே திறக்கட்டும் என்று அமைத்தேன். காத்திருக்கும் நேரத்தையும் 3 செக்கனாகக் குறைத்தேன். பிள்ளைக்கு வசதி என்று நினைத்தேன். அவளுடைய உம்மாவை நினைக்கவில்லை.

உம்மா தையல் வேலை செய்பவர். ஆட்களின் அளவுகள், வாங்கிய முற்பணம் எல்லாம் விண்டோஸில், எக்செல்லில்தான். நோன்புப் பெருநாளுக்கு ஆறு நாள் இருக்கும்போது கோல் வந்தது.

"சேர், கொம்பியூட்டர்ல என்ட ஒண்டுமே இல்ல. கடையில ஃபோர்மட் பண்ணோணும் எண்டு செல்றாங்க."

முந்திய இரவு பிள்ளை லினக்ஸில் இருந்திருக்கிறாள். காலையில் உம்மா ஓன் பண்ணிவிட்டு அடுப்படிக்குப் போய் வர, அதே லினக்ஸ் திறந்து கிடந்திருக்கிறது. ஃபோர்மட் பண்ணியிருந்தால் அத்தனை பேரின் அளவும் கணக்கும் போயிருக்கும்.

"ஒண்டும் செய்ய வேணாம் தங்கச்சி. ரீஸ்டார்ட் பண்ணுங்க. மெனு வந்த உடனே கீழ் அம்புக்குறிய அமத்துங்க" என்றேன். அம்புக்குறியை அமத்தினால் நேரக் கணக்கு நின்றுவிடும். விண்டோஸ் என்ற வரியில் என்டர் தட்டச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் "அல்ஹம்துலில்லாஹ்" என்ற சத்தம் கேட்டது.

அன்று தராவீஹுக்குப் பின் மனைவியோடு போய்ச் சரிசெய்தேன். லினக்ஸில் கிரப்பின் அமைப்புக் கோப்பைத் திறந்து, கடைசித் தெரிவை நினைவில் வைப்பதை நிறுத்தினேன். எப்போதும் விண்டோஸே முதலில் திறக்கும்படி மாற்றினேன். அதற்கு வரிசை எண்ணைப் போடாமல், மெனுவில் உள்ளபடி முழுப் பெயரையே எழுதினேன். மெனுவின் வரிசை பின்னர் மாறினால் எண் வேறொன்றைத் திறந்துவிடும். காத்திருக்கும் நேரத்தை 30 செக்கனாக்கினேன். கடைசியில் 'அப்டேட்-கிரப்' கட்டளையைக் கொடுத்தேன். அதைக் கொடுக்காமல் எந்த மாற்றமும் மெனுவுக்கு வராது. எக்செல் கோப்புகளையும் பென் டிரைவில் பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

பிள்ளைக்கு இப்போது ஒருமுறை அம்புக்குறியைத் தட்டும் வேலை கூடியிருக்கிறது. அவளுக்கு அது தெரியும். உம்மாவுக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை.

பலர் பாவிக்கும் பொருள் ஓர் அமானிதம். அதில் கை வைக்கும்போது, கேட்டு வந்தவரின் வசதியை மட்டுமல்ல, அங்கே இல்லாதவரின் ஹக்கையும் பார்க்க வேண்டும். இருபது வருசம் படிப்பித்தும் எனக்கு இது ஒரு தையல்கார உம்மாவிடமிருந்துதான் விளங்கியது.

உங்கள் வீட்டிலும் இப்படி விண்டோஸ் "காணாமல் போனால்", ஃபோர்மட்டுக்குக் கொடுக்க முன் அந்த மெனுவை ஒருமுறை பாருங்கள். விளங்காவிட்டால் இன்பொக்ஸில் கேளுங்கள், இன்ஷா அல்லாஹ் சொல்லித் தருகிறேன்.