ஒரே நாளில் இரண்டு வரி

லெஸ்டர்,
9.11.2025

அன்புள்ள கயலுக்கு,

சித்தப்பா எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பேங்க் ஸ்டேட்மென்டைப் பார்த்தேன். "ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல எடுக்க மாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டிருந்தாய். நான் சொன்னது சரிதான். ஆனால் போனில் விளக்க ஆரம்பித்தால் பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அக்டோபர் 14ஆம் தேதியைப் பார். லண்டன் போக்குவரத்து நிறுவனமான டிஎஃப்எல் பெயரில் அன்றைக்கு இரண்டு வரி விழுந்திருக்கிறது. விஷயமே அங்கேதான். லண்டனில் நீ கார்டைத் தட்டத் தட்டப் பணம் எடுப்பதில்லை. நாள் முழுக்கத் தட்டியதைச் சேர்த்து, ராத்திரி கணக்குப் போட்டு, ஒரு கார்டுக்கு ஒரு தொகையாக எடுப்பார்கள். இரண்டு வரி வந்தால் அன்று இரண்டு கார்டு பயணம் போயிருக்கிறது. என்னிடம் ஒரு கார்டுதானே என்பாய். போனில் ஏற்றிய அதே கார்டு அவர்கள் மெஷினுக்கு வேறு கார்டு. போனுக்குள் அதற்குத் தனி எண். பணம் போவது ஒரே அக்கவுன்டிலிருந்து என்பதெல்லாம் மெஷினுக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் சைப்ரஸ் ஸ்டேஷனில் போனைக் காட்டி ஏறியிருக்கிறாய். வழியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று நீயே எழுதியிருக்கிறாய். ஈஸ்ட் ஹாமில் பர்ஸிலிருந்து கார்டை எடுத்துத் தட்டி கேட்டைத் தாண்டினாய். மெஷின் கணக்கில் ஒருத்தி உள்ளே போனவள் வெளியே வரவில்லை; இன்னொருத்தி உள்ளே போகாமலே வெளியே வந்துவிட்டாள். இரண்டு பேருக்கும் அதிகபட்சக் கட்டணம். இந்த அதிகபட்சக் கட்டணம், ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் எடுக்க மாட்டார்கள் என்கிற உச்சவரம்பில் சேராது என்பதை மட்டும் நன்றாக மனதில் வை. உச்சவரம்பு முழுமையான பயணங்களுக்குத்தான். பாதியில் நிற்கும் பயணத்துக்கு அது குடை பிடிக்காது.

மதுரையில் மகளிர் இலவச டவுன் பஸ்ஸில் காலேஜ் போய்வந்தவள் நீ. டிக்கெட் கணக்கே உனக்குப் புதிதுதான். லண்டன் பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தட்டு, இறங்கும்போது வேண்டாம். ஒரு தடவைக்கு 1.75 பவுண்டு. முதலில் தட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் அதே 1.75தான், அதே கார்டாக இருந்தால். பஸ்ஸும் டிராமும் மட்டும் என்றால் நாள் உச்சவரம்பு 5.25. அதாவது மூன்று தடவைக் காசு கொடுத்தாயானால் நாலாவதிலிருந்து இலவசம். வார உச்சவரம்பு 24.70. நாலு நாள் முழுதாகச் சுற்றினால் 21 பவுண்டு. ஐந்தாம் நாள் 3.70 எடுத்ததும் ஞாயிறு ராத்திரி வரை உன் பஸ்ஸெல்லாம் சும்மா. ஆனால் அவர்கள் வாரம் திங்களில்தான் தொடங்கும். வியாழன் முதல் புதன் வரை ஓடியோடிப் போனாலும் அது இரண்டு வாரமாக உடைந்துவிடும், பலன் கிடைக்காது. நாள் கணக்கும் நள்ளிரவில் முடிவதில்லை. விடிகாலை 4.30க்குத்தான் புது நாள். ஹோட்டல் வேலை முடிந்து நைட் பஸ்ஸில் வருகிறாயே, அது முந்தின நாள் கணக்கில்தான் சேரும்.

ட்யூப், டிஎல்ஆர் ரயில்களில் போனால் உச்சவரம்பு ஸோனைப் பொறுத்தது. முதல் இரண்டு ஸோனுக்குள் நாளுக்கு 8.90, வாரத்துக்கு 44.70, தள்ளிப் போகப் போக ஏறும். இதில் ஏறும்போதும் இறங்கும்போதும் தட்டியே ஆக வேண்டும். டிஎல்ஆரில்தான் புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவது. உன் சைப்ரஸ் மாதிரிப் பல ஸ்டேஷன்களில் கேட்டே கிடையாது. ஓரமாக ஒரு மெஷின் நிற்கும். கிளாஸுக்கு நேரமாகிறது என்று கூட்டத்தோடு கூட்டமாக ஓடினால் யாரும் தடுக்க மாட்டார்கள். மறுநாள் அக்கவுன்டில் தெரியும்.

சில ஸ்டேஷன்களில் பிங்க் நிற மெஷினும் பார்த்திருப்பாய். ஸ்ட்ராட்ஃபோர்ட், ஒயிட்சாப்பல், கனடா வாட்டர் போன்ற மாறும் இடங்களில் இருக்கும். நகர நடுவில் உள்ள முதல் ஸோனுக்குள் போகாமல் சுற்றிப் போகிறாய் என்றால் அதில் ஒரு தடவை தட்டு. அது காசு எடுக்காது. நீ சுற்றுவழியில் வந்தாய் என்று குறித்துக்கொள்ளும், கட்டணம் குறையலாம்.

என்னைக் கேட்டால் முறை நல்ல முறை. பாஸ் வாங்குவதா வேண்டாமா என்று முன்கூட்டியே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் சரிபார்க்கும் வேலையைப் பயணியின் தலையில் கட்டிவிட்டார்கள். நம் ஊரில் பாக்கிச் சில்லறையை டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதிக் கொடுத்த கண்டக்டரை இறங்கும்போது பிடித்துக் கேட்கலாம். இங்கே கேட்க ஆள் இல்லை, நீதான் எழுதிக் கேட்க வேண்டும்.

இன்னொன்று. தட்டிப் போகும் கான்டாக்ட்லெஸ் பேங்க் கார்டுதான் எல்லாருக்கும் லாபம் என்று உன் ரூம்மேட் சொல்வதை நம்பாதே. 35 பவுண்டு கொடுத்து 16-25 ரயில்கார்டு வாங்கி டிஎஃப்எல்லின் ஆய்ஸ்டர் கார்டோடு இணைத்தால், கூட்டமில்லாத நேரத்தில் ட்யூப், டிஎல்ஆர் கட்டணம் மூன்றில் ஒரு பங்கு குறையும். பேங்க் கார்டில் அந்தச் சலுகையை ஏற்ற முடியாது. நீ வேலைக்குப் போவது பகல் பதினொரு மணிக்கு. உனக்கு அதுதான் பொருத்தம். ட்யூப் ஸ்டேஷனில் இருக்கும் பணியாளரிடம் கொடுத்தால் இணைத்துத் தருவார்.

அதுவரை போனா கார்டா, ஒன்றை முடிவு செய். போன் என்றால் பவர்பேங்க் இல்லாமல் வெளியே போகாதே. ஊரிலிருந்து அத்தை வரும்போது ஒரே கார்டில் இரண்டு பேரையும் உள்ளே விடலாம் என்று நினைக்காதே. ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். செக்கிங்கில் மாட்டினால் அபராதம் 100 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டினால் பாதி.

அக்டோபர் 14 அன்று கூடுதலாக எடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம். டிஎஃப்எல் வலைதளத்தில் கணக்குத் தொடங்கிக் கார்டைச் சேர். முழுமையடையாத பயணம் என்று காட்டும் இடத்தில் எங்கே ஏறினாய், எங்கே இறங்கினாய், ஏன் தட்டவில்லை என்று எழுது. இரண்டு பயணத்துக்கும் தனித்தனியாக எழுது. எட்டு வாரம்தான் அவகாசம். உனக்கு டிசம்பர் 9 வரை. பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இன்றைக்கே எழுதிவிடு. சித்தி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
சித்தப்பா